நம் வெயிலில் பூச்சியுண்ணும் செடிகள்: தண்ணீரில் தொடங்கிச் செடியில் முடியும் வழிகாட்டி

பூச்சியுண்ணும் செடி வளர்க்க ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். முதலில் ஆன்லைனில் ஒரு வீனஸ் ஃப்ளைட்ராப் (பூச்சி பட்டால் பொறி போல் மூடும் இலை கொண்ட செடி) வாங்குவார்கள். பார்சல் வந்த பிறகு தொட்டி தேடுவார்கள். கையில் கிடைத்த செம்மண்ணையும் மண்புழு உரத்தையும் கலந்து நட்டு, குழாய்த் தண்ணீர் ஊற்றி, ஹாலில் டிவி பக்கத்தில் வைப்பார்கள். வருகிற விருந்தாளி எல்லாம் விரலை விட்டு மூடிப் பார்ப்பார்கள். ஒன்றரை மாதத்தில் செடி கருகிவிடும். "நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் ஆகாதுங்க" என்று முடித்துக்கொள்வார்கள்.

நானும் முதல் மூன்று செடிகளை இப்படித்தான் கொன்றேன். இன்று அதே சென்னை மொட்டை மாடியில், குடுவையில் பூச்சி பிடிக்கும் நெப்பந்தஸ் கொடி கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தொங்குகிறது. வெயில் அப்படியேதான் இருக்கிறது. நான் செய்கிற வரிசைதான் மாறியது. முதலில் தண்ணீர், அப்புறம் மண், அப்புறம் தொட்டியும் இடமும், கடைசியில்தான் செடி. கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. நடுவில் ஒன்றைத் தாண்டிப் போகாதீர்கள்.

1. உங்கள் ஊரின் இரவைக் கவனியுங்கள்

பகல் வெயிலை நிழல் வலை கட்டிக் குறைத்துவிடலாம். இரவு வெக்கையை ஏ.சி. இல்லாமல் குறைக்க வழியில்லை. அதனால் எந்த வகை உங்களுக்குச் சரிப்படும் என்பதை முடிவு செய்வது இரவுதான்.

சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஜனவரி இரவிலும் 20 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது. காற்றில் ஈரமும் உண்டு. தாழ்நில நெப்பந்தஸுக்கும், இலையின் பசைத்துளியில் பூச்சி பிடிக்கும் அழுகண்ணிக்கும் இது சொந்த வீடு மாதிரி.

மதுரை, திருச்சி, வேலூர் பக்கம் வெயில் அதேதான், ஆனால் கோடையில் காற்று காய்ந்து கிடக்கும். அழுகண்ணிக்குப் பிரச்சினை இல்லை. நெப்பந்தஸ் இலை விடும், குடுவை விடாது. அதற்கு என்ன செய்வது என்று ஐந்தாவது படியில் சொல்கிறேன்.

ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்குக் கதையே வேறு. ஊட்டியில் ஜனவரி இரவு 5, 6 டிகிரிக்கு இறங்கும். சென்னையில் நாங்கள் ஃபிரிட்ஜில் வைத்துக் காப்பாற்றுகிற வீனஸ் ஃப்ளைட்ராப், அங்கே வெளியில் வைத்தாலே போதும். பதிலுக்கு, சென்னையில் தானாக வளரும் தாழ்நில நெப்பந்தஸ் அங்கே நடுங்கிக்கொண்டு நின்றுவிடும்.

2. தண்ணீர்: செடிக்கு முன்னால் டிடிஎஸ் மீட்டர்

இந்தச் செடிகள் பெரும்பாலும் சத்தில்லாத, உப்பில்லாத, புளிப்பான சதுப்பு மண்ணில் வளர்பவை. மண்ணில் கிடைக்காத நைட்ரஜனைத்தான் பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்கின்றன. அதனால் இவற்றின் வேர் உப்பைத் தாங்கப் பழகவில்லை. குழாய்த் தண்ணீரில் ரோஜாவும் செம்பருத்தியும் சந்தோஷமாக வளரும். இவை மெதுவாக விஷம் குடித்ததுபோல் சாகும்.

எனவே முதல் செலவு, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் ஒரு டிடிஎஸ் மீட்டர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேனா மாதிரியான கருவி போதும். உங்கள் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். 50 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 50 பங்கு) இருந்தால் நிம்மதி. 50 முதல் 100 வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் வேறு தண்ணீர் தேடுங்கள். போர் தண்ணீரில் 500, 1000 என்று காட்டினால் மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், நம் நிலத்தடி நீர் அப்படித்தான்.

கொதிக்க வைத்தால் சரியாகிவிடுமா என்று எல்லோரும் கேட்பார்கள். கொதித்தால் கிருமி சாகும். உப்பு அங்கேயேதான் இருக்கும், தண்ணீர் ஆவியாகிக் குறைய உப்பின் செறிவு இன்னும் கூடும்.

எங்கிருந்து நல்ல தண்ணீர் எடுப்பது? என் வரிசை இது.

மழைநீர் முதலிடம். 100 சதுர அடிப் பரப்பில் 10 மி.மீ. மழை பெய்தால் கிட்டத்தட்ட 90 லிட்டர் வரும். வடகிழக்குப் பருவமழையில் நான்கு நல்ல நாள் பிடித்தாலே சில மாதங்களுக்குக் காணும். ஆனால் தளத்தில் வழியும் தண்ணீரை அப்படியே பிடிக்காதீர்கள். வெயிலுக்காகச் சுண்ணாம்பு அடித்த மாடியிலிருந்து வரும் மழைநீரை ஒருமுறை அளந்து பார்த்தேன், குழாய்த் தண்ணீருக்குக் கொஞ்சம்தான் குறைவு. சுத்தமான தார்பாலினை நான்கு மூலையில் கட்டி, நடுவில் சின்னத் துளையிட்டு, அதன் பக்கத்தில் ஒரு கல்லை வைத்து, கீழே டிரம் வைப்பதுதான் என் வழக்கம். முதல் பத்து நிமிட மழை தூசியைக் கழுவிக்கொண்டு போகட்டும். டிரம்மை வெளிச்சம் புகாமல், கொசு புகாமல் மூடிவையுங்கள்.

அடுத்தது ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர். காற்றிலிருந்து குளிர்ந்து வடிவது என்பதால் உப்பு மிகக் குறைவு; என் வீட்டில் 20-ஐத் தாண்டியதில்லை. ஏ.சி. சர்வீஸ் செய்த பிறகு இரண்டு மூன்று நாள் தண்ணீரை மட்டும் கொட்டிவிடுங்கள், சுத்தம் செய்யும் ரசாயனம் கலந்திருக்கலாம். கோடையில் மழைநீர் தீரும் நேரத்தில்தான் ஏ.சி. அதிகம் ஓடும். இந்தப் பொருத்தத்தை நினைத்து நான் பலமுறை சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

மூன்றாவது ஆர்.ஓ. தண்ணீர். இதில் இரண்டு குழிகள் இருக்கின்றன. சுவைக்காகத் தாது சேர்க்கும் அமைப்பு உள்ள இயந்திரமானால் டிடிஎஸ் 100-ஐத் தாண்டும், அளக்காமல் ஊற்றாதீர்கள். இரண்டாவது குழி பெரியது: "வீணாகப் போகிற தண்ணீர்தானே" என்று ஆர்.ஓ. வெளியேற்றும் கழிவு நீரைப் பிடித்து இவற்றுக்கு ஊற்றுகிறார்கள். உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது!

கேன் தண்ணீருக்கும் இதே விதி. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மீட்டர் சொல்வதுதான் கணக்கு.

3. மண்: உரம் இல்லாத மண்தான் நல்ல மண்

தோட்டக்காரர்களுக்கு இந்தப் படிதான் மனசுக்கு ஒப்பாது. செம்மண், சாணி, மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு, பஞ்சகவ்யம் எதுவும் கூடாது. "கொஞ்சமாகப் போட்டேன்" என்று சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். கொஞ்சமாகப் போட்டால் செடி கொஞ்சம் தாமதமாகச் சாகும், அவ்வளவுதான்.

அழுகண்ணி வகைகள், வீனஸ் ஃப்ளைட்ராப், நிலத்தில் வளரும் யுட்ரிகுலேரியா (மண்ணுக்குள் சின்னப் பைப் பொறி வைக்கும் செடி) ஆகியவற்றுக்குப் பீட் மாஸ் (சதுப்பில் மக்கிய பாசி) ஒரு பங்கு, பெர்லைட் (சூட்டில் பொரித்த வெள்ளை எரிமலைக் கல் துணுக்கு) ஒரு பங்கு. பெர்லைட்டுக்குப் பதில் மீன் தொட்டிக் கடையில் விற்கும் கரடான சிலிக்கா மணலும் போடலாம். பீட் ஈரத்தையும் புளிப்பையும் கொடுக்கும். பெர்லைட் வேருக்குக் காற்று கொடுக்கும். பீட் பையை வாங்கும்போது உரம் சேர்க்காதது என்று அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். நாற்றங்காலுக்காக விற்கும் கலவையில் பெரும்பாலும் உரம் இருக்கும். பெர்லைட்டைக் கொட்டுவதற்கு முன் தண்ணீர் தெளித்து ஈரமாக்குங்கள், அந்தத் தூள் மூக்குக்கு நல்லதல்ல.

நெப்பந்தஸுக்கு இந்தக் கலவை கனம். காட்டில் அது பாசியிலும் சருகிலும் தொற்றிக்கொண்டு ஏறும் கொடி. வேர் மெல்லியது, காற்றோட்டம் கேட்கும். ஆர்க்கிட் செடிக்கு விற்கும் தேங்காய் மட்டைத் துண்டு, பெர்லைட், ஸ்பாக்னம் பாசி மூன்றும் சம அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றினால் உடனே கீழே வடிய வேண்டும், பத்து நிமிடம் கழித்துத் தொட்டால் ஈரம் இருக்க வேண்டும். சோதனை அதுதான்.

சரி, கோகோ பீட்? பொள்ளாச்சியிலிருந்து மலிவாக வருகிறதே, பீட்டுக்குப் பதில் போடக்கூடாதா? போடலாம், கழுவினால். தேங்காய் நாரில் சோடியமும் பொட்டாசியமும் நிறைய இருக்கும். ஊறவைத்துப் பிழிந்த முதல் தண்ணீரை அளந்தால் மீட்டர் நான்கு இலக்கத்தில் காட்டினாலும் ஆச்சரியமில்லை. ஊறவைத்து, பிழிந்து, கொட்டி, மறுபடி நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்த தண்ணீர் 50-க்குள் வரும்வரை இதைச் செய்ய வேண்டும். தண்ணீர் மிச்சமாக ஒரு வழி: மழைக்காலத்தில் கோகோ பீட்டைப் பழைய வெங்காயச் சாக்கில் துணி வைத்துக் கட்டி, மாடியில் தொங்கவிட்டுவிடுங்கள். ஒரு மாத மழை அந்த வேலையைச் செய்துவிடும். வெறும் புழுதியாக இருக்கும் மலிவுச் சரக்கு வேண்டாம், அது சேறாகிவிடும். வீனஸ் ஃப்ளைட்ராப்புக்கு மட்டும் நான் இதை நம்புவதில்லை, அதற்குப் பீட்தான்.

மணல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கடல் மணலில் உப்பும் கிளிஞ்சலும் இருக்கும். எம்-சாண்டில் கல் தூள் அதிகம். ஆற்று மணல் என்று சொல்லிக் கொடுத்தாலும் ஒரு ஸ்பூன் எடுத்து அதன்மேல் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, தொடாதீர்கள்.

4. தொட்டி

பிளாஸ்டிக் தொட்டிதான். மண் தொட்டி, சிமென்ட் தொட்டி இரண்டும் தாதுக்களைக் கசியவிடும். மண் தொட்டியின் ஓரத்தில் வெள்ளையாகப் பூப்பது உப்புதான்.

கறுப்பு நிறம் வேண்டாம். மே மாத மாடியில் கறுப்புத் தொட்டியின் மண்ணைத் தொட்டுப் பார்த்தால் காரணம் புரியும். வெள்ளைத் தொட்டி, அதற்குக் கீழே தெர்மாகோல் அட்டை. தளத்தின் சூடு நேராக ஏறாது.

வீனஸ் ஃப்ளைட்ராப்பின் வேர் கீழ்நோக்கிப் போகும், 10 முதல் 12 செ.மீ. ஆழம் கொடுங்கள். நம் ஊர் அழுகண்ணிக்குத் தயிர் டப்பா ஆழமே போதும். நெப்பந்தஸ் தொங்கும் தொட்டியில் அழகாக இருக்கும். குடுவைகள் கீழே தொங்க இடம் கிடைக்கும்.

5. இடமும் வெளிச்சமும்

ஹால், டிவி மேசை, கம்ப்யூட்டர் பக்கம் எல்லாம் மறந்துவிடுங்கள். பூச்சி பிடிப்பது உரம் போட்டுக்கொள்வது மாதிரி, சோறு சூரியன்தான். ஒளியில்லாமல் பூச்சி மட்டும் கொடுத்தால் செடி பிழைக்காது.

அழுகண்ணி வகைகளும் ஃப்ளைட்ராப்பும் நாளைக்கு 4 முதல் 6 மணி நேரம் நேரடி வெயில் கேட்கும். காலை வெயில் மிக நல்லது. மதியம் 12-க்கு மேல் 50 சதவீத நிழல் வலை போதும். நெப்பந்தஸுக்கு நாள் முழுக்க அந்த வலைக்குள் இருப்பதுதான் பிடிக்கும்.

வெளிச்சம் போதுமா என்பதைச் செடியே சொல்லும். அழுகண்ணி சிவந்து, நுனியெல்லாம் பசைத்துளி மின்னினால் போதும். பச்சையாக நீண்டு, துளி இல்லாமல் வறண்டிருந்தால் வெளிச்சம் போதவில்லை, அல்லது காற்றில் ஈரம் இல்லை.

உட்பகுதி ஊர்களில் நெப்பந்தஸ் குடுவை விடாததற்கு இந்த ஈரக்குறைவுதான் பெரும்பாலும் காரணம். இலை நுனியில் நீளும் பற்றுக்கம்பியின் முனை ஊதித்தான் குடுவை ஆகும். காற்று வறண்டிருந்தால் அந்த முனை கருகி நின்றுவிடும். நிறைய செடிகளை நெருக்கமாக வைத்து நடுவில் நெப்பந்தஸைத் தொங்கவிடுங்கள். கீழே ஈரமணல் பரப்பிய தட்டு வையுங்கள். தினமும் ஸ்பிரே அடிப்பதால் பயன் குறைவு, பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும்.

ஈரம் வேண்டும் என்பதற்காகக் கண்ணாடி ஜாடியில் மூடி வெயிலில் வைப்பவர்கள் உண்டு. ஒரே மதியத்தில் கீரைக் கூட்டு மாதிரி வெந்துவிடும்.

6. இப்போது செடி: எதை வாங்கலாம், எதை வேண்டாம்

முதல் செடி அழுகண்ணியாக இருக்கட்டும். ட்ரோசிரா பர்மானி என்று தாவரவியலில் சொல்வார்கள். தமிழ்நாட்டிலேயே ஈரமான, சத்தில்லாத மணற்பாங்கான இடங்களில் தானாக முளைப்பது. நம் வெயிலுக்குப் புதிதாகப் பழக வேண்டியதில்லை. ஒரு ரூபாய் நாணயம் அளவில் தரையோடு ஒட்டிய இலைவட்டம். ஓர இழைகள் பூச்சி பட்ட சில நொடிகளில் மடங்கும், மற்ற பல ட்ரோசிராக்கள் இதற்கு நிமிடக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஒரு வருடத்துக்குள் பூத்து, விதைத்து, செத்துவிடும். அது உங்கள் தவறல்ல, அதன் ஆயுளே அவ்வளவு. நிமிர்ந்து வளரும் ட்ரோசிரா இண்டிகாவும் இதே மாதிரிதான்.

இரண்டாவதாகத் தாழ்நில நெப்பந்தஸ். வென்ட்ராட்டா என்ற கலப்பினம் தொடக்கக்காரர்களின் கைத்தவறைத் தாங்கும்; அதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். அதன்பின் ஆம்புல்லாரியா, ராஃப்லெசியானா, கிராசிலிஸ், மிராபிலிஸ் ஆகியவை. இவை தென்கிழக்காசியத் தாழ்நிலங்களைச் சேர்ந்தவை, வெக்கையான இரவுக்குப் பழகியவை. ஆம்புல்லாரியா பூச்சியோடு நிற்காமல் மேலிருந்து உதிரும் சருகையும் குடுவையில் வாங்கிச் சீரணிக்கும். பல் வைத்த விளிம்போடு படத்தில் மயக்குகிற ஹமாட்டா, வில்லோசா எல்லாம் மலைநில வகைகள். இரவில் குளிர் இல்லாமல் அவை சமவெளியில் நிற்காது. பணத்தைக் கரியாக்காதீர்கள்.

இந்தியாவின் சொந்த நெப்பந்தஸ் ஒன்றே ஒன்றுதான்: மேகாலயாவின் காசி, ஜெயிந்தியா, காரோ மலைகளில் வளரும் காசியானா. அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்பாட்டின் முதல் பட்டியலில் இருப்பது, காட்டிலிருந்து எடுத்து விற்பது குற்றம். இலங்கையின் ஈரமான தாழ்நிலத்தில் வளரும் டிஸ்டிலடோரியாவும் அந்தத் தீவுக்கே உரியது. சாலையோரத்தில் பார்க்கலாம், பிடுங்கலாகாது. கொடைக்கானல், நீலகிரிப் புல்வெளிகளில் கிழங்கிலிருந்து முளைக்கும் ட்ரோசிரா பெல்டேட்டாவைப் பார்த்துத் தோண்டி எடுத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். சமவெளிக்கு வந்ததும் அது செத்துவிடும், மலையிலும் ஒரு செடி குறையும்.

விற்பனைச் செடி காட்டிலிருந்து வந்ததா என்று கண்டுபிடிக்க: வேரில் செம்மண் ஒட்டியிருக்கும், வேர் அறுந்திருக்கும், இலைகள் கிழிந்து தழும்போடு இருக்கும். நர்சரியில் திசு வளர்ப்பில் வந்த செடி சின்னதாக, சீராக, பீட்டிலோ பாசியிலோ இருக்கும்.

யுட்ரிகுலேரியாவில் சாண்டர்சோனி, லிவிடா இரண்டும் ஈரப் பீட்டில் பாய்போல் பரவும். பொறி மண்ணுக்குள் இருப்பதால் வேட்டையைப் பார்க்க முடியாது. முயல் முகம் மாதிரியான சாண்டர்சோனி பூவைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். தண்ணீரில் மிதக்கும் ஆரியா நம் குளங்களிலும் வயல்களிலும் இருப்பது.

இலைப் பசையில் பூச்சி பிடிக்கும் பிங்குயிகுலாவின் மெக்சிகோ வகைகள் அழகானவை, ஆனால் மே மாதத்தில் அழுகும். தென்னாப்பிரிக்காவின் கேப் ட்ரோசிராவும் அப்போது திணறும். இரண்டாவது வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வீனஸ் ஃப்ளைட்ராப்பும், நிமிர்ந்த குழல் இலையில் பூச்சி பிடிக்கும் சாரசீனியாவும் வட அமெரிக்கச் செடிகள். ஃப்ளைட்ராப் இயற்கையாக வளர்வது வட, தென் கரோலினா மாநிலங்களின் கடலோரச் சமவெளியில் மட்டும். குளிர்காலத்தில் உறங்கியே ஆக வேண்டும். அதற்குத் தயாராக இருந்தால் வாங்குங்கள், பத்தாவது படியைப் படித்த பிறகு.

விதை வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. நீலம், ஊதா நிற ஃப்ளைட்ராப் படம் போட்டு நூறு விதை நூறு ரூபாய் என்று வந்தால் அது மோசடி, அந்த நிறத்தில் செடியே கிடையாது. உண்மையான ஃப்ளைட்ராப் விதை கறுப்பாக, பளபளப்பாக, ஒரு மி.மீ. சொச்சம் இருக்கும். அதிலிருந்து பெரிய செடி ஆக மூன்று நான்கு வருடம் ஆகும். எனக்கு ஒருமுறை வந்த பொட்டலத்திலிருந்து கீரை முளைத்தது. பொரியல் செய்யலாமா என்று வீட்டில் கேட்டார்கள்.

7. பார்சல் வந்த முதல் மூன்று வாரம்

உடனே வெயிலில் வைக்கக்கூடாது. கூரியர் இருட்டில் மூன்று நான்கு நாள் இருந்த இலை, மாடி வெயிலில் ஒரே மணியில் கருகும்.

பழைய பாசியை மெதுவாக எடுத்து, நல்ல தண்ணீரில் வேரை அலசி, உங்கள் கலவையில் நடுங்கள். நிழலில், மேலே ஒரு துளையிட்ட பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து வையுங்கள். நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு துளை கூடுதலாகப் போட்டு, இரண்டு வாரத்தில் பையை எடுத்துவிடலாம். அப்புறம் காலை வெயில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று கூட்டுங்கள்.

இந்தக் காலத்தில் நெப்பந்தஸின் குடுவைகள் காய்ந்து விழும். பதறாதீர்கள். பழைய இலையில் போன குடுவை திரும்ப வராது, புதிய இலையில்தான் வரும். அதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகலாம். பதறிப்போய் இடம் மாற்றி, உரம் போட்டு, மறுபடி மாற்றி நடுகிறவர்கள் கையில்தான் செடி சாகிறது.

8. தினசரித் தண்ணீரும் கொசுவும்

அழுகண்ணி, ஃப்ளைட்ராப், யுட்ரிகுலேரியா தொட்டிகளைத் தட்டில் வைத்து, தட்டில் ஒன்றிரண்டு செ.மீ. தண்ணீர் நிறுத்துங்கள். மேலே ஊற்றினால் பசைத்துளி கழுவப்படும், மண் தெறிக்கும். நெப்பந்தஸை மட்டும் தட்டுத் தண்ணீரில் நிற்க விடாதீர்கள், வேர் அழுகும். அதற்கு மேலிருந்து ஊற்றி வடியவிட வேண்டும்.

தட்டுத் தண்ணீர் என்றால் கொசு. டெங்கு கொசு தட்டின் ஓரத்தில் முட்டை ஒட்டிவைக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது, ஓரத்தைத் தேய்க்க வேண்டும். ஐந்து நாளுக்கு ஒருமுறை தட்டைக் கொட்டி, பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி நிரப்புங்கள். மாநகராட்சி ஊழியர் மாடிக்கு வந்து பார்த்தால் "பூச்சி தின்னும் செடிதானே" என்ற விளக்கம் எடுபடாது. மீன் தொட்டியில் வளரும் ஆரியா சின்னக் கொசுப்புழுக்களைப் பிடிக்கும்தான், ஆனால் அதை நம்பித் தட்டைத் தேய்க்காமல் விடாதீர்கள்.

மாதம் ஒருமுறை நிறைய நல்ல தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றி வெளியேற்றுங்கள். 60, 70 பிபிஎம் தண்ணீர் ஊற்றுபவர்களுக்கு இது கட்டாயம். தண்ணீர் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். வெளியே வடியும் தண்ணீரை அளந்தால் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெரியும்.

9. தீனி

மொட்டை மாடியில் இருக்கும் செடிக்கு நீங்கள் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. எறும்பும் கொசுவும் தானாக வரும்.

கோழித்துண்டு, முட்டை, சோறு எதுவும் வேண்டாம். இறைச்சியின் கொழுப்பைச் சீரணிக்க முடியாமல் பொறியே அழுகிவிடும். வீட்டுக்குள் எல்இடி விளக்கில் வளர்ப்பவர்கள் மீன் கடையில் கிடைக்கும் உலர்ந்த பிளட்வார்மை (மீன் தீனியாக விற்கும் சிவப்புப் புழு) ஈரமாக்கி, மாதம் ஒருமுறை ஒரு துணுக்கு வைக்கலாம்.

ஃப்ளைட்ராப்பின் பொறியில் உணர்முடிகள் உண்டு. சுமார் 20 நொடிக்குள் இருமுறை தொட்டால் மூடும். மூடிய பிறகும் உள்ளே துடிப்பு தொடர்ந்தால்தான் சீரணம் தொடங்கும். செத்த பூச்சி வைத்தால், மூடிய பொறியை வெளியிலிருந்து மெதுவாக வருடிவிட வேண்டும். பூச்சி பொறியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெரிதாக இருக்கக்கூடாது. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பொறி சரியாக மூடாது, அழுகல் அங்கேதான் தொடங்கும். ஒவ்வொரு பொறியும் சில முறைதான் மூடித் திறக்கும். விருந்தாளி விரல் விடுவதைத் தடுக்க இதையே காரணமாகச் சொல்லுங்கள்.

நெப்பந்தஸ் குடுவையில் உள்ள திரவம் அதன் சீரண நீர். கவிழ்ந்து கொட்டிவிட்டால் நல்ல தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு ஊற்றுங்கள். தளும்ப நிரப்பினால் அந்த நீர் நீர்த்துப்போகும்.

10. ஃப்ளைட்ராப்புக்கு மட்டும்: ஃபிரிட்ஜில் மூன்று மாதம்

உறக்கம் இல்லாமல் ஒரு வருடம் ஓட்டிவிடலாம். அடுத்த வருடம் இலை சிறுத்து, அதற்கடுத்த வருடம் செடி இருக்காது. 10 டிகிரிக்குக் கீழே மூன்று மாதம் வேண்டும்.

நவம்பர் நடுவில் செடியை எடுத்து, மண்ணைக் கழுவி, கருத்த இலைகளை வெட்டிவிடுங்கள். தோட்டக்கடையில் கிடைக்கும் பூஞ்சைக்கொல்லிக் கரைசலில் முக்கி எடுத்து, ஈரமான ஆனால் பிழிந்த ஸ்பாக்னம் பாசியில் சுற்றி, ஜிப் பையில் போட்டு, ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் அல்ல. பையில் பெரிதாகப் பெயர் எழுதிவையுங்கள். என் செடி ஒன்று புதினா என்று நினைக்கப்பட்டுக் குப்பைக்குப் போனது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திறந்து பூஞ்சை பாருங்கள். பிப்ரவரி நடுவில் எடுத்து நட்டு, ஏழாவது படியில் சொன்னபடி பழக்குங்கள். வெளியே வந்த சில வாரத்தில் நடுவிலிருந்து தடித்த பூத்தண்டு எழுந்தால் 5 செ.மீ. ஆவதற்குள் வெட்டிவிடுங்கள், பூப்பது பலவீனமான செடியை இன்னும் வாட்டும்.

11. நோயும் தொல்லையும்

இலை ஒன்று கருத்தால் நோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய பொறியும் பழைய குடுவையும் காய்வது இயல்பு. நடுக்குருத்து பச்சையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். குருத்து கருத்தால்தான் கவலை; உடனே டிடிஎஸ் அளங்கள், பத்தில் எட்டு முறை அங்கேதான் பதில் இருக்கும்.

பூச்சி தின்னும் செடிக்கும் பூச்சி விழும். நெப்பந்தஸ் கணுவில் மாவுப்பூச்சி, ஃப்ளைட்ராப் குருத்தில் அசுவினி. மாவுப்பூச்சியைக் காது குச்சியில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைக்கலாம். அசுவினிக்கு ஃப்ளைட்ராப்பைத் தொட்டியோடு நல்ல தண்ணீரில் ஒன்றரை நாள் மூழ்க வையுங்கள், பூச்சி மூச்சுத் திணறிச் சாகும், செடி தாங்கும். சோப்புக் கரைசலும் வேப்பெண்ணெயும் அழுகண்ணி இலைமேல் படக்கூடாது, பசையே போய்விடும்.

காக்கை, மைனா பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. கூடு கட்டும் பருவத்தில் ஸ்பாக்னம் பாசியைச் செடியோடு பிடுங்கிக்கொண்டு போகும். கோழிவலை ஒன்று போட்டுவிடுங்கள்.

12. பெருக்குவது

நெப்பந்தஸ் கொடி நீண்டதும் இரண்டு மூன்று கணு உள்ள துண்டாக வெட்டி, இலைகளைப் பாதியாக நறுக்கி, ஈரப்பாசியில் நட்டுப் பையால் மூடுங்கள். ஒன்றிரண்டு மாதத்தில் வேர் பிடிக்கும். மழைக்காலத்தில் செய்தால் தோற்பது குறைவு.

அழுகண்ணி விதை தூசி மாதிரி இருக்கும். காய்ந்த பூங்கொத்தை வெள்ளைத் தாளில் தட்டி, ஈரப் பீட்டின் மேல் தூவுங்கள். மண்ணால் மூடாதீர்கள், முளைக்க ஒளி வேண்டும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஊசிமுனை அளவில் முளை தெரியும், அந்த அளவிலேயே பசைத்துளியோடு. எப்படியும் ஒரு பங்கு விதை காற்றில் போய்ப் பக்கத்துத் தொட்டிகளில் விழும். என் வீட்டில் நெப்பந்தஸ் தொட்டி ஒவ்வொன்றிலும் இப்போது அழுகண்ணி இருக்கிறது. ஒன்றைக்கூட நான் நடவில்லை.